ஒரு மாத்திரை வேறுபாடு

1

சென்ற வாரம் என் தம்பி தொலைபேசியில் சொன்ன ஒன்றை எழுதவே இதைத் தொடங்கினேன். அதை விளங்கச் சொல்ல ஓராண்டு பின்னே போகவேண்டும்.

பிறர் எழுதிய தமிழைத் திருத்துவது இங்கே என் வேலை. தருமபுரிக்கு அருகே இண்டூரில் பிறந்து, தருமபுரியில் தமிழ் படித்து, சில ஆண்டுகள் பள்ளியில் இலக்கணம் நடத்திய ஒருத்திக்கு ஆஸ்திரேலிய நகரம் ஒன்றில் இப்படியொரு வேலை காத்திருக்கும் என்று எவரேனும் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். குடியேறியவர்களுக்கென்று அரசு அலுவலகங்கள் வெளியிடும் துண்டறிக்கைகள் பல மொழிகளில் பெயர்க்கப்படுகின்றன. தமிழ்ப்படி அச்சுக்குப் போகுமுன் என் மேசைக்கு வரும். தடுப்பூசி, வாடகை ஒப்பந்தம், குப்பைத் தொட்டியின் நிறம் என்று இவ்வூரின் எல்லா ஒழுங்குகளையும் நான் ஒற்றுப்பிழை பார்த்தே கற்றுக்கொண்டேன்.

சென்ற ஆண்டு வந்தது, பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தை விளக்கும் அறிக்கை. தீயணைப்போர், ஆம்புலன்ஸ் பணியாளர், மீட்புப் படையினர் ஆகியோருக்காக எழுதப்பட்டது. ஆபத்துக்குள் நுழைவதே தொழிலாகக் கொண்டவர்களுக்கும் இச்சட்டம் உண்டு. தக்க கருவியும் பயிற்சியும் தருவது வேலை கொடுத்தவரின் கடமை. உயிருக்கு உடனே கடுந்தீங்கு நேரும் என்று தக்க காரணத்தோடு அஞ்சும் பணியாளர் அப்பணியைச் செய்யாமல் நிற்கலாம். நின்றதற்காக அவரைத் தண்டித்தல் ஆகாது. சாரம் இவ்வளவுதான்.

அந்த நிற்கும் உரிமையை மொழிபெயர்த்தவர் 'வேலைநிறுத்த உரிமை' என்று எழுதியிருந்தார். நான் அதை அடித்துவிட்டு, 'ஆபத்தான வேலையை நிறுத்திக்கொள்ளும் உரிமை' என்று எழுதினேன். மேலாளர் அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. இரண்டிலும் ஒரே எழுத்துகள் இருப்பதைக் காட்டி, மாற்றத்துக்குக் காரணம் கேட்டார். வேலையை நிறுத்துவது வேறு, வேலைநிறுத்தம் வேறு என்று எழுதிக் கொடுத்தேன். நடுவிலிருந்த ஐகாரம் மறைந்ததும் அந்தச் சொல் கொடி பிடித்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிடும் என்பதை எப்படி விளக்குவது? அகராதிச் சான்று கேட்டார்கள். கொடுத்தேன். இரண்டாம் திருத்தரின் ஒப்புதல் கேட்டார்கள். அதுவும் வந்தது. ஓர் உருபைக் காப்பாற்ற ஒரு மாதம் ஆயிற்று.

என் தம்பி மாதேசன், தருமபுரி மாவட்டத்தில் ஒரு தீயணைப்பு நிலையத்தில் முன்னணித் தீயணைப்பாளர். அவனிடம் இதைச் சொன்னேன். சிரித்தான்.

"அக்கா, அந்த நோட்டீச எங்க ஸ்டேஷன்ல ஒட்டுனா, எங்க ஆபீசருங்க தீயப் பாத்த மாதிரி பதறி அது மேலயே தண்ணி அடிக்கச் சொல்லுவாங்க."

"உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்குமே."

"ட்ரெயினிங்ல சொல்லுவாங்க. காத்து கெட்ட கெணத்துல வெறுமனே எறங்காதேன்னு. மேல நிக்கிற ஜனத்துக்கு யாரு ட்ரெயினிங் குடுத்தா?"

2

அந்தப் பேச்சுக்குப் பின் ஒரு மாதம் ஆகியிருக்காது. ஞாயிற்றுக்கிழமை மதிய உணவுக்கு என் மகள் யாழினி வந்திருந்தாள். வேறு பகுதியில் தனியே வாடகைக்கு இருக்கிறாள். ஞாயிறுதோறும் வருவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாகி, இப்போது அழைத்தால் வருவதாக ஆகியிருக்கிறது. வந்தவள் கையைக் கழுவுமுன் கைப்பேசியை நீட்டினாள்.

"மா, இது மாமா தானே?"

கிணற்று மேட்டில் கூட்டம். காக்கிச் சட்டையில் என் தம்பி, வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு முதியவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்திருந்தான். முதியவர் திமிறினார். பெண்கள் அழும் ஒலி. எல்லாவற்றுக்கும் மேலாக என் தம்பியின் குரல் கேட்டது. காணொளி அத்தோடு அறுந்தது. அதன் கீழே யாரோ பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்: 'செத்தா இருக்கட்டும்: தீயணைப்பு வீரரின் திமிர்ப் பேச்சு.'

"மாமா ஏன் அப்படிச் சொல்றாரு?" என்று கேட்டாள் யாழினி. "செத்துப் போனாப் போகட்டும்னா? ஆம்புலன்ஸ்ல நாங்க அந்த மாதிரிப் பேசினா வேலையே போயிடும்."

நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். என் தம்பி சொன்னது 'செத்த இருக்கட்டுங்க' என்பது. எங்கள் பக்கத்தில் 'செத்த' என்றால் சற்று. 'சற்றே' என்பது மருவி வந்த வடிவம். 'செத்த நில்லு', 'செத்த தள்ளி உக்காரு' என்று நாளெல்லாம் புழங்கும் சொல். சற்று நேரம் பொறுங்கள் என்று கெஞ்சியிருக்கிறான். ஈற்றில் உள்ள தகரம் குறில். அதற்கு ஒரு மாத்திரை. அதை நெடிலாகக் கேட்டால் இரண்டு மாத்திரை. வேறுபாடு ஒரே மாத்திரை. கண் ஒருமுறை இமைக்கும் பொழுது. கூச்சலில் அதைப் பிரித்துக் கேட்க அந்த ஊர்க் காது வேண்டும். இறுதியில் இருந்த 'ங்க' என்னும் மரியாதையையும் வெட்டியவர் வெட்டிவிட்டார்.

யாழினிக்கு விளக்கினேன். அவள் இங்கே வார இறுதிப் பள்ளியில் தமிழ் படித்தவள். அங்கே 'சற்று' மட்டுமே உண்டு.

"கீழே ஆயிரம் பேர் திட்டியிருக்காங்க. அவங்க எல்லாருக்கும் நீ இலக்கணம் சொல்லுவியா?" என்றாள்.

3

நடந்தது இது. அரூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். கிணற்றைத் தூர் வாருவதற்காக, பாதி ஆழத்தில் இருந்த மேடையில் டீசல் எந்திரத்தை வைத்துத் தண்ணீரை இறைத்திருக்கிறார்கள். எந்திரப் புகை மேலே வர வழியின்றிக் கிணற்றிலேயே தங்கிவிட்டது. எந்திரத்தை அணைக்க இறங்கிய சக்திவேல் என்ற இளைஞர், படியிலேயே சாய்ந்து உள்ளே விழுந்தார். பெற்றோருக்கு ஒரே மகன்.

மாதேசனின் வண்டி விரைந்து வந்தது. ஆனால் நிலையத்தின் சுவாசக் கருவி பழுதுபார்க்கப் போயிருந்தது. அவர்கள் பேச்சில் அது 'பி.ஏ. செட்', முதுகில் காற்றுக் கலனும் முகத்தில் மூடியுமாக மாட்டிக்கொள்வது. பக்கத்து நிலையத்திலிருந்து ஒன்று புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. அதுவரை தண்ணீரைப் பீய்ச்சிக் காற்றைக் கலக்கிப் பார்த்தார்கள். கயிற்றில் கொக்கிகள் தொங்கும் பாதாளக்கரண்டி போட்டுத் துழாவினார்கள். அகப்படவில்லை. இறங்கத் துணிந்த தன் ஆட்களை மாதேசன் தடுத்தான். அப்போது சக்திவேலின் தந்தை கோவிந்தன், எல்லாரையும் தள்ளிக்கொண்டு முதற்படியில் கால் வைத்தார். மாதேசன் அவரைப் பிடித்தான். காணொளி அங்கே தொடங்கி அங்கேயே முடிகிறது.

கருவி வந்ததும் அதை மாட்டிக்கொண்டு இறங்கியவன் மாதேசன்தான். சக்திவேலைத் தோளில் கட்டி மேலே கொண்டுவந்தவனும் அவன்தான். அப்போது உயிர் இல்லை. அதைப் படம் எடுத்தவர் எவருமில்லை, எடுத்திருந்தாலும் பரப்பியிருக்கமாட்டார்.

4

யாழினி ஆம்புலன்ஸ் பணியாளர். அவள் அந்த வேலையைத் தேர்ந்தபோது, இலக்கியம் படிப்பாள் என்று எண்ணியிருந்த எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அதை நான் மறைத்தேன், அவள் கண்டுபிடித்தாள். அவள் வேலையைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. அந்த ஞாயிறு உணவுக்குப் பின் அவளாகவே பேசினாள்.

ஒரு வீட்டிலிருந்து ஓர் அம்மாளின் அழைப்பு. கணவருக்கு நெஞ்சுவலி. உள்ளே மகன் கையில் கத்தியோடு கத்திக்கொண்டிருக்கிறான். காவலர் வரும்வரை வண்டியிலேயே இருக்கவேண்டும் என்பது விதி. அந்த வீட்டு அம்மாள் வாசலுக்கு வந்து கையசைத்து அழைத்திருக்கிறார். இவர்கள் போகவில்லை.

"போலீஸ் வந்தாங்க, நாங்க போனோம். அவரை எழுப்ப முடியல."

"உங்கள் மேல் புகார் வந்ததா?"

"இல்லம்மா. நின்னது சரின்னாங்க. மேனேஜர் கூப்பிட்டு உட்கார வச்சுப் பேசினாரு. லீவ் வேணுமான்னு கேட்டாரு. எல்லாம் நல்லாத்தான் செஞ்சாங்க." தட்டை ஓரமாக நகர்த்தினாள். "அந்த அம்மா மட்டும் என்னைப் பார்க்கவே இல்ல. பக்கத்துல நின்னு பேசுறேன், என்னைத் தாண்டிச் சுவத்தைப் பார்த்துப் பேசுறாங்க."

நான் ஒரு மாதம் வழக்காடிக் காப்பாற்றிய அந்தத் தொடர், என் மகளைக் காப்பாற்றியிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எந்த அளவோடு காப்பது நின்றுவிட்டது என்பதும் தெரிந்தது.

"மாமாவுக்கு அங்க யாராவது பேச இருக்காங்களா?" என்று கேட்டாள்.

மாதேசன் திருமணம் செய்துகொள்ளவில்லை. பெற்றோரும் இல்லை. நான்தான் இருக்கிறேன் என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

5

"அக்கா, பதினேழு பி குடுத்துட்டாங்க."

அரசுப் பணியில் உள்ளவர்கள் வீட்டில் இந்த எண்ணுக்கு உரை வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: வேலையே போகக்கூடிய குற்றச்சாட்டுக் குறிப்பாணை அது. மீட்புப் பணியைச் செய்ய மறுத்தது ஒன்று. துயருற்ற குடும்பத்தை இழிவாகப் பேசியது இன்னொன்று. காணொளி அமைச்சர் வரை போய்விட்டதாம். யார்மேலாவது நடவடிக்கை எடுத்தாகவேண்டும்.

"மறுத்தியா நீ?"

"கருவி வரட்டும்னு நின்னேன். அவங்க பாஷைல அதுக்குப் பேரு மறுப்பு."

விளக்கத்தை நான் எழுதித் தருவதாகச் சொன்னேன். அதில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. என்னைத் தடுக்கவும் இல்லை. நம் நாட்டுச் சட்டத்தில் அவனுக்கு இடம் தேடினேன். தொழிற்சாலையிலும் சுரங்கத்திலும் வேலை செய்பவரின் பாதுகாப்புக்கு விதிகள் இருக்கின்றன. எரியும் தொழிற்சாலைக்குள் ஓடுகிறவர் அவற்றில் எந்த விதிக்குள் வருகிறார் என்று எனக்குத் தெளிவாகவில்லை. நான் சட்டம் படித்தவள் அல்லள். ஆகவே, எனக்குத் தெரிந்ததை எழுதினேன். 'செத்த' என்பதன் பிறப்பு, வழங்கும் வட்டாரம், குறில் நெடில் வேறுபாடு, 'ங்க' விகுதியின் பொருள் என்று விரித்தேன். இழிவுபடுத்த எண்ணிய ஒருவன் மரியாதை விகுதி சேர்த்துப் பேசுவானா என்று முடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எழுதியதில்லை.

விசாரணை அதிகாரி சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர். படித்துவிட்டு மாதேசனைக் கேட்டிருக்கிறார்:

"இதை யார் எழுதிக் கொடுத்தது?"

"எங்கக்காங்க சார். தமிழ் படிச்சவங்க."

"நல்லா எழுதியிருக்காங்க. ஆனா அக்கா எழுதினது சாட்சி ஆகாதுப்பா. அன்னிக்கு நீ பிடிச்சிருந்தியே, அந்தப் பெரியவர் காதுல என்ன விழுந்துச்சு? அவர் சொன்னாத்தான்."

மாதேசன் என்னிடம் சொன்னபோது, அவரைப் போய்ப் பார் என்றேன்.

"போயி?"

"நடந்ததைச் சொல்லச் சொல்லிக் கேள்."

"அந்த வூட்டு வாசல்ல போயி நின்னு, உம் பையன் செத்தது செத்தான், எனக்கு ஒரு சாட்சி சொல்லுங்கன்னு கேக்கச் சொல்றியாக்கா? வேல போனாப் போவட்டும்."

தொடர்பு அறுந்தது. அவனாகத் துண்டித்தானா, தானாக அறுந்ததா, தெரியவில்லை.

6

அவன் போகவில்லை. அலுவலகமே கோவிந்தனுக்கு ஆள் அனுப்பியது. அவர் வரமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். முன்னதாகவே வந்து, தாழ்வாரத்தில் சுவரோரம் அமர்ந்திருந்தாராம். உள்ளே நடந்ததை மாதேசன் எனக்கு ஒருமுறைதான் சொன்னான். என்னால் இயன்றவரை அவன் சொன்ன சொற்களிலேயே தருகிறேன்.

அதிகாரி காணொளியை ஓடவிட்டார். கோவிந்தன் அதைப் பார்க்கவில்லை.

"இதுல இவர் என்ன சொல்றாருங்க பெரியவரே?"

"செத்த இருக்கட்டுங்கன்னு சொல்றாரு."

"அப்படின்னா?"

"கொஞ்ச நேரம் இருங்கன்னு. எங்க பக்கம் அப்படித்தானுங்க பேசுவோம். சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியும்."

"மரியாதை இல்லாமப் பேசினாரா?"

"இல்லீங்க. அப்பான்னு கூப்பிட்டாரு. வண்டி வந்துக்கிட்டே இருக்குதுப்பா, செத்த இருக்கட்டுங்கன்னாரு. நானும் இருந்தேன்."

அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்: "அந்த நேரத்துல நீங்க இறங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியுங்க. நானும் போயிருப்பேன்."

"அப்ப இவர் பிடிச்சதாலதான் நீங்க உயிரோட இருக்கீங்க. அப்படி எழுதிக்கலாமா?"

"எழுதிக்குங்க." கோவிந்தன் முதன்முறையாக மாதேசன் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லையாம். பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்பது போலக் கேட்டாராம். "அதத்தான் இவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். என்னை எதுக்குங்க புடிச்சீங்க?"

அதிகாரி பேனாவை மூடினார். விசாரணை முடிந்தது என்றார்.

இரண்டு குற்றச்சாட்டுகளும் கைவிடப்பட்டன. பழுதான கருவி சரியாகி வந்தது. புதிதாக இன்னொன்றும் வந்தது. ஆணை கையில் கிடைத்த அன்று மாதேசன் அழைத்தான். நான் வாழ்த்தினேன். அவன் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"அக்கா, உங்க நோட்டீசுல அதுக்கு ஏதாச்சும் போட்டிருக்கா?"

"எதற்கு?"

"அந்தப் பெரியவரு கேட்டதுக்கு."

அறிக்கையின் அச்சுப்படி என்னிடம் இருந்தது. ஏற்கெனவே அதை வரிவரியாகப் படித்தவள்தான். ஆனாலும் எடுத்துப் பார்த்தேன். நிற்கும் பணியாளர் யாருக்குத் தெரிவிக்கவேண்டும், மேலாளர் என்ன செய்யவேண்டும், வேலை மீண்டும் எப்போது தொடங்கலாம் என்றெல்லாம் இருந்தது.

"இல்லை மாதேசா."

"சரிக்கா."

7

இதெல்லாம் முடிந்து மாதங்கள் ஆகின்றன. சென்ற வாரம் சக்திவேல் இறந்து ஓராண்டு நிறைந்தது. அன்று அழைக்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். நண்பகல் இடைவேளையில், அங்கே காலையாக இருக்கும்போது, அவனே அழைத்துவிட்டான். குரல் தெளிவாக, ஏறத்தாழ மகிழ்ச்சியாக இருந்தது. அதுதான் என்னைக் கலக்கியது.

"அக்கா, நேத்து ஒரு கெணறு. ஆடு வுழுந்துருச்சுன்னு போன் வந்துச்சு. போனா, ஆட்டுக்காரரு பாதிக் கெணத்துல நிக்கிறாரு. மேல வாங்கன்னா வரமாட்டேங்கிறாரு. அந்த ஆடு இல்லாட்டி என்ன பண்ணுவேன்னு அங்கயே நின்னு அழுவுறாரு."

"காற்று எப்படி இருந்தது?"

"அதுவும் எஞ்சின் ஓட்டுன கெணறுதான். மொத நாளு ஓட்டியிருக்காங்க."

பிறகு நடந்ததை அவனே சொன்னான்.

"அவரப் புடிச்சி இழுக்கக் கை வரலக்கா. அவருக்கு முந்தி நானே எறங்கிட்டேன். ஆட்டத் தூக்கிட்டு, அவரயும் முன்னால ஏத்தி வுட்டு வந்துட்டேன். ரெண்டும் நல்லாருக்கு. டீ வாங்கிக் குடுத்தாரு. சனம் கை தட்டுச்சு. ஒருத்தன் வீடியோகூட எடுத்தான், அனுப்பறேன் பாரு."

"கருவி?"

"வண்டியிலதான் இருந்துச்சு."

"ரெண்டுமா?"

"ரெண்டுந்தான்."

எனக்கு அவனைத் திட்டத் தெரியும். தமக்கை என்ற முறையில் அதில் நல்ல பயிற்சி உண்டு. அன்று எதைச் சொல்லித் திட்டுவது? கருவி கொடுக்கவேண்டியவர்கள் கொடுத்துவிட்டார்கள். அவன்மேல் இருந்த குற்றமும் நீங்கிவிட்டது. எந்தச் சட்டத்தையும் குறை கூற எனக்கு இடமில்லை. ஒரு மனிதரைக் கையால் பிடித்து நிறுத்தும் துணிவு மட்டும் அவனிடமிருந்து போயிருந்தது. அது இல்லாதபோது, தான் முந்திக்கொள்வது ஒன்றே அவனுக்கு வழியாகத் தோன்றியிருக்கிறது.

"இனிமேல் மாட்டிக்கொண்டு இறங்கு" என்றேன்.

"சரிக்கா."

காணொளி வந்தது. ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு சிரிக்கிறான். கீழே ஆயிரக்கணக்கானோர் வாழ்த்தியிருந்தார்கள். 'இவரல்லவா வீரர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். போன ஆண்டு வசைபாடியவரும் இவரும் ஒருவரேயாகவும் இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை யாழினியை அழைத்தேன். வந்தாள். காணொளியைக் காட்டினேன். அவள் ஆட்டைப் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. படத்தை நிறுத்தி, தன் மாமனின் வெறும் முதுகையும் மூடியில்லாத முகத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் தொழிலில் இருப்பவர்கள் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"மாமாகிட்ட என்ன சொன்னே?"

"இனிமேல் மாட்டிக்கொள் என்றேன். சரி என்றான்."

கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"அடுத்த வாட்டியும் மாட்ட மாட்டாரும்மா" என்றாள். "நீ டிக்கெட் போடு. நானும் வரேன்."